கை வேகாத சாயநீர்

சாயப்பட்டறையின் கழிவுநீர்த் தொட்டி அன்றும் செக்கச்செவேலென்று கிடந்தது. பட்டறை முதலாளியின் அண்ணி ஒரு கண்ணாடிக் குழாயை நிமிர்த்தி வைத்தாள். அவள் ஆய்வுக்கூடத்து வேதியியல்காரி. குழாய்க்குள் பஞ்சு; பஞ்சின் இழைதோறும் கண்ணுக்குத் தெரியாத நானோ கார்பன். அந்தக் கரி, சாயத்தைத் தன்மேல் ஒட்டிக்கொண்டு தண்ணீரை மட்டும் கீழே விடும்.

“அண்ணி, வெளிப்படையாவே சொல்லிடறேன். இன்னைக்குத் தண்ணி தெளியலைன்னா பட்டறையைப் பூட்டிடுவேன். இதை ஆத்துல விட்டுட்டு கடவுள் முன்னால எந்த மூஞ்சியோட நிக்கிறது?”

“பூட்டை வேற எதுக்காவது வச்சுக்கோ தம்பி. ஆய்வுக்கூடத்துல ஒவ்வொரு தடவையும் தெளிஞ்சிருக்கு.”

தொட்டி நீரை ஒரு வாளியில் மொண்டு குழாயில் ஊற்றினாள். மேலே சிவப்பு. கீழே சொட்டியதும் சிவப்பு.

“என்ன அண்ணி, உங்க கரிக்கு இன்னைக்குப் பசி இல்லையா?” கேலிதான், ஆனால் கொழுந்தனின் கை இடுப்பிலிருந்த பட்டறைச் சாவிக்குப் போனது.

அவள் பதறவில்லை. கரி அதே கரி, சாயம் அதே சாயம். தண்ணீரில்தான் ஏதோ இருக்க வேண்டும். விரலை நனைத்துத் தேய்த்தாள். சோப்புபோல் வழுக்கியது, லேசாக எரிந்தது. ஆய்வுக்கூடத்துக்கு வந்த நீர் ஒருநாளும் எரிந்ததில்லை.

“எனக்குப் பாட்டில்ல கொண்டுவந்தது இந்தத் தண்ணிதானா?”

கேள்வி சாயம் காய்ச்சுபவருக்கு. பத்து விரலும் பத்து நிறமாக இருப்பதால் அவருக்கு ‘வானவில்’ என்று பெயர். அவர் தலையைச் சொறிந்தார்.

“இதேதாம்மா. சாயம் துணியில பிடிக்க சோடா போட்ட தண்ணியாச்சே, உங்க கை வெந்துடுமேன்னு கொஞ்சம் ஆசிட் விட்டு, காரத்தைக் கொன்னுட்டுக் கொடுப்பேன். தப்புங்களா?”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். “இத்தனை நாளா உங்க நல்ல மனசைத்தான் ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்திருக்கேன்! காரம் இருந்தா என் கரி இந்தச் சாயத்தைத் தொடாது. எனக்குப் பண்ணின உபசாரத்தை இந்த வாளிக்கும் பண்ணுங்க.”

வானவில் ஆசிட்டைப் பார்த்துப் பார்த்து விட்டார். நீர் நுரைத்து அடங்கியது. அவள் புதுப் பஞ்சு வைத்து ஊற்றினாள். நல்ல மனசு சில சமயம் காலை வாரிவிடும், கைதூக்கிவிடுவதும் அதுவேதான்.

கொழுந்தன் குந்தி உட்கார்ந்து, சொட்டுச் சொட்டாய் நிறைந்த கோப்பையைக் கண்ணுக்கு நேரே பிடித்தான். அந்தப் பக்கம் நின்ற வானவில்லின் பத்து நிற விரல்களும் தனித்தனியே தெரிந்தன.

“பெரிய தொட்டிக்கு எவ்வளவு பஞ்சு வேணும் அண்ணி?”

அவள் பதில் சொல்லுமுன் வானவில் முந்திக்கொண்டார்: “இனிமே மீனுக்கும் கண்ணு எரியாதுங்க.”