நல்லண்ணனுக்குத் தலைமைக் காவலர் பதவி தரப்படாத காரணம்

நானூறு வருஷமாக வீரக்கல்லில் நின்றுகொண்டிருந்த நல்லண்ணன், 2016ஆம் வருஷம் ஆவணி மாதத்து ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கல்லிலிருந்து இறங்கி, வரப்பு வழியாக நடந்து, கல்லுக்குழிபாளையம் தோட்டக் காவல் சங்கத்தின் தகரக் கொட்டகைக்கு வந்து, தன்னுடைய பதவி உயர்வு என்ன ஆயிற்று என்று விசாரித்தார். அன்றைக்குத் தொண்டாமுத்தூர்ச் சந்தையில் சின்ன வெங்காயம் கிலோ பதினெட்டு ரூபாய். கொட்டகையில் சங்கத்தின் செயலாளர் பிரவீனா மட்டும் இருந்தாள். யானை வந்தால் எந்தக் காவலர் எந்தத் தோப்பில் நிற்க வேண்டும் என்று முறை எழுதுவதும், வருஷத்துக்கு ஒருதரம் பொதுக்கூட்டத் தீர்மானங்களைப் பதிவதும் அவள் வேலை. உடம்பெல்லாம் பாசி படிந்து, கையில் வாளோடு ஒருவர் வாசலில் வந்து நின்றால் வேறு ஊரில் அலறியிருப்பார்கள். பிரவீனா நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க, சாப்டீங்களா?" என்று கேட்டாள். வந்தவரை நிற்க வைத்துப் பேசுகிற பழக்கம் இந்தப் பக்கத்தில் கிடையாது.

அவர் தன் வரலாற்றைச் சுருக்கமாகத்தான் சொன்னார். பாளையக்காரரிடம் மாட்டுப்பட்டிக் காவலராக இருந்திருக்கிறார். வாள் வீச்சில் அவருக்கு இணையாகச் சுற்றுவட்டாரத்தில் ஆள் இல்லை. காவல் தலைவர் பதவி காலியானபோது அதைத் தனக்குத் தரவேண்டும் என்று கேட்டார். பாளையக்காரர் "பாத்துக்கலாமுங்க" என்றார். அடுத்த வாரமே மாடு பிடிக்க வந்த கூட்டத்தோடு சண்டை. நல்லண்ணன் தனி ஆளாக ஐம்பது பேரை விரட்டிவிட்டு ஐம்பத்தோராவது ஆளிடம் செத்துப்போனார். கல் நட்டார்கள். ஓங்கிய வாளோடு கல்லுக்குள் நின்றபடி, பாளையக்காரர் எப்போது பார்ப்பார் என்று காத்திருந்தார். தோள் கடுத்துப்போனதால்தான் நேரிலேயே கேட்டுவிடலாம் என்று இறங்கி வந்ததாகச் சொன்னார்.

வெளியூர்க்காரர்களுக்கு இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கொங்குச் சீமையில் முகத்துக்கு நேரே இல்லை என்று யாரும் சொல்வதில்லை. மாப்பிள்ளை பிடிக்கவில்லை என்றால் "பொறவு சொல்லிவுடறமுங்க" என்பார்கள். தோட்டத்தை விற்க மனமில்லை என்றால் "ஊட்டுல கேட்டுப்போட்டுச் சொல்றனுங்க" என்பார்கள். பாத்துக்கலாமுங்க என்றால் அது இந்த ஜென்மத்தில் நடக்காது என்று மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். நல்லண்ணனுக்கு மட்டும் தெரியவில்லை. வாளை நேராக வீசிப் பழகியவர் பேச்சையும் நேராகவே எடுத்துக்கொண்டார். பிரவீனா சங்கத் தலைவர் குமாரசாமிக்குப் போன் போட்டாள். பன்னிரண்டு ஏக்கர் தென்னையும் கோயமுத்தூரில் ஒரு பம்புப் பட்டறையும் உள்ள அவர் புல்லட்டில் வந்து இறங்கி, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இப்போதைக்குக் காவலரா சேந்துக்குங்க. பதவி வெசயத்தைப் பாத்துக்கலாமுங்க" என்றார். நல்லண்ணன் முகம் மலர்ந்துவிட்டது.

வேலையில் அவரைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். மற்ற ஐந்து காவலர்களும் பட்டாசும் டார்ச்சுமாக அல்லாடுகிற இடத்தில் அவர் வாளை ஓங்காமலே போய் நின்று, யானையிடம் முதலில் மரியாதையாகத்தான் பேசுவார். "ஏனுங்க, தின்னது போதுமுங்க, கெளம்புங்க" என்பார். கெளம்பாவிட்டால் ஒரு பார்வை பார்ப்பார். 2017இல் வாழைத்தோப்புக்குள் வந்த மூன்று யானைகள் தாங்கள் பதித்த அடியிலேயே திரும்பக் கால் வைத்து, பின்பக்கமாகவே மலை வரைக்கும் நடந்து போயின. ஒற்றைக் கொம்பன் ஒன்று ஊரைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு போகப் பழகியது. அந்த வருஷம் ஒரு வாழைகூட முறியவில்லை.

கோளாறு அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். யானை போய்விடும், அவருடைய கோபம் போகாது. எதிரி இல்லையென்றால் எதிரே இருப்பதோடு சண்டை பிடிப்பார். ஒருதரம் மின்கம்பத்தோடு மல்லுக்கு நின்றார். ஒருதரம் கான்கிரீட் கலக்கும் லாரி. ஊராட்சித் தண்ணீர்த் தொட்டியோடு இரண்டு நாள் போரிட்டதில் தொட்டி நாற்பதடி கிழக்கே நகர்ந்துவிட்டது, குழாயை நீட்டிக்கொண்டார்கள். ஓய்ந்து உட்கார்ந்த பிறகும் மூன்று நாளைக்கு அவர் உடம்பிலிருந்து அனல் அடிக்கும். கொட்டகைத் தகரத்தில் மாவை ஊற்றினால் தோசை வேகும். தெற்கே நாலு வீடு தள்ளிப் பால் திரிந்துபோகும். ஆனால் கொங்கு மண்ணில் எதையும் வீணாக்க மாட்டார்கள். ஐப்பசி மழையில் கொப்பரை காயாமல் பூஞ்சை பிடித்த நேரத்தில், குமாரசாமி ஒரு டிராக்டர் தேங்காய்ப் பருப்பைக் கொண்டுவந்து கொட்டகையைச் சுற்றிப் பரப்பிப் பார்த்தார். ஆறு நாள் காய வேண்டியது அரை நாளில் கலகலவென்று காய்ந்துவிட்டது. அதன்பிறகு மழை பிடித்தாலே யாராவது ஒருவர் கொப்பரையோடு வந்து, பரப்பி முடித்துவிட்டு, "அப்பறம் நல்லண்ணா, அந்தப் பதவி வெசயம் என்னாச்சுங்க?" என்று மெதுவாகக் கேட்பார். அவ்வளவு போதும், அனல் கிளம்பிவிடும்.

இப்படி ஏழு பொதுக்கூட்டம் நடந்தது. ஏழிலும் நல்லண்ணன் எழுந்து நின்று கேட்டார், ஏழிலும் குமாரசாமி பாத்துக்கலாமுங்க என்றார், ஏழிலும் பிரவீனா ‘பரிசீலிக்கப்படும்’ என்று எழுதினாள். ஊரடங்கு வருஷத்துக் கூட்டம் செல்போனில் நடந்தது. அதிலும் அவர் எழுந்து நின்றார், திரையில் அவருடைய வயிறு மட்டும் தெரிந்தது. எழுதும்போதெல்லாம் பிரவீனாவுக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்தப் பதவி அவருக்குக் கிடைத்துவிடக் கூடாது என்று ஊரிலேயே அதிகமாக வேண்டிக்கொண்டவள் அவள்தான். தலைமைக் காவலர் விசில் ஊதினால் மற்ற ஐந்து பேரும் அவர் பின்னால் போயாக வேண்டும் என்பது சங்கத்து விதி. அந்த ஐந்து பேரில் ஒருவன் அருண்குமார், அவளுடைய புருஷன். அவனோ நல்லண்ணன் போட்ட கோட்டைத் தாண்டாதவன். அவரைப் போலவே மீசை வளர்த்து, அது வராமல் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தான்.

எட்டாவது வருஷம், அதுவரை தலைமைக் காவலராக இருந்த நஞ்சப்பன் முழங்கால் வலி என்று தாராபுரத்தில் மகள் வீட்டோடு போய்விட்டார். பதவி காலி. ஐந்து காவலர்களும் நல்லண்ணன்தான் வேண்டும் என்று மனு எழுதினார்கள், முதல் கையெழுத்து அருண்குமாருடையது. ஆறு பேர் எதிரே நின்று கேட்கும்போது குமாரசாமிக்குப் பாத்துக்கலாமுங்க வாயில் வரவில்லை. "ஒரு மாசம் பொறுப்புல இருக்கட்டுமுங்க" என்று சொல்லிப்போட்டார். விசிலும் கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலியும் கொடுத்தார்கள். நல்லண்ணன் நாற்காலியில் உட்காரவில்லை. அதைத் துடைத்துப் பக்கத்தில் போட்டு, பார்த்துக்கொண்டே நின்றார். அவர் கண் கலங்கியதைப் பிரவீனா பார்த்தாள். சந்தோஷப்பட முடியாத தன்னை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

நாலாம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குக் குமாரசாமி தோப்பில் ஏழு யானைகள். நல்லண்ணன் விசில் ஊதிவிட்டு ஓடினார், ஐந்து பேரும் பின்னால் ஓடினார்கள். யானைகள் விசில் சத்தத்திலேயே திரும்பிவிட்டன. அவர் திரும்பவில்லை. வாழையைத் தாண்டி, யானைக்காக வெட்டிய அகழியைத் தாண்டி, அடிவாரத்தைத் தாண்டி ஓடினார். விதி விதிதானே, அவர்களும் ஓடினார்கள். அப்படியே சுமார் நானூறு வருஷ தூரம் ஓடிவிட்டார்கள். மறுநாள் மத்தியானம் திரும்பி வந்தபோது ஆறு பேர் உடம்பிலும் செம்மண் புழுதி, கூடவே யாருக்கும் சொந்தமில்லாத ஒரு காங்கேயம் பசு. அருண்குமாரின் இடது தோளில் அம்பு. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அதை எடுத்துவிட்டு, காயத்தின் காரணம் என்ற இடத்தில் ‘அம்பு’ என்று எழுதி, டி.டி. ஊசி போட்டு அனுப்பினார். பசு இரண்டு வேளையும் சேர்த்து ஐந்து லிட்டர் கறக்கிறது.

வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்துக்கொண்டே அருண்குமார் நடந்ததைச் சொன்னான். அதே பழைய சண்டைதான். ஒரே ஒரு வித்தியாசம், நல்லண்ணன் சொன்ன கதையில் அவர் தனியாகப் போனார். உண்மையில் அவர் பின்னால் இரண்டு பேர் ஓடியிருக்கிறார்கள், இருபது இருபத்திரண்டு வயது. பாதி தூரத்தில் ஒருவன் விழுந்தான், கொஞ்ச தூரத்தில் மற்றவன். "நாங்க கத்தறோம் அம்மணி, அவரு திரும்பியே பாக்கல. அவிங்க ரெண்டு பேரும் அவரைப் பாத்துக்கிட்டேதான் செத்தாங்க" என்றான். சொல்லிவிட்டு, "ஆனா என்னா ஓட்டம் தெரியுமா!" என்று கண்ணை விரித்தான். பிரவீனா அவன் கையிலிருந்த கஞ்சி டம்ளரைப் பிடுங்கிக் கீழே வைத்தாள்.

மறுநாள் காலை தீர்மானப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். விஷயம் எப்படியோ தெரிந்து குமாரசாமி முன்னாலேயே வந்திருந்தார், இரண்டு டிராக்டர் கொப்பரையும் பரப்பி வைத்திருந்தார். "அம்மணி, பாத்துப் பதனமாச் சொல்லு கண்ணு" என்று காதோரம் சொன்னார். முப்பத்து மூன்று வயது வரைக்கும் பிரவீனா யாரிடமும் இல்லை என்ற வார்த்தையைச் சொன்னதில்லை, அவள் அம்மா சொல்லிக் கேட்டதும் இல்லை.

"நல்லண்ணா, உங்களுக்கு அந்தப் பதவி இல்லீங்க" என்றாள். "இந்த வருசமும் இல்லீங்க, எந்த வருசமும் இல்லீங்க."

குமாரசாமி கொப்பரைச் சாக்கைப் பிடித்துக்கொண்டார். நல்லண்ணன், "ஏனுங்க அம்மணி? என்ற வேலையில என்ன கொறை?" என்றார்.

"வேலையில ஒரு கொறையும் இல்லீங்க. உங்களுக்குப் போகத் தெரியுது, நிக்கத் தெரியல. தனியாப் போனா உங்களோட போச்சு. பின்னால ஆளு வந்தா, அவங்களும் நிக்க முடியாதுங்க. என்ற ஊட்டுக்காரரு தோள்ல அம்போட வந்தாரு. அவரு திரும்பி வந்துபோட்டாரு. அன்னிக்கு உங்க பின்னால ஓடியாந்த ரெண்டு பேரு வரல. அவிங்க பேரு என்னங்க?"

நல்லண்ணன் வாயைத் திறந்தார். பேர் வரவில்லை. எல்லாரும் அனலுக்காகக் காத்திருந்தார்கள், குமாரசாமி கைக்குட்டையை எடுத்து நெற்றியில் வைத்தேவிட்டார். அனல் வரவில்லை. கொப்பரை அப்படியே ஈரமாகக் கிடந்தது. நல்லண்ணன், "பாளையக்காரருக்கும் இது தெரிஞ்சிருக்குமுங்களா?" என்று கேட்டார். தெரிந்துதான் பாத்துக்கலாம் என்று சொல்லியிருப்பார் என்றாள் பிரவீனா. "அன்னிக்கே இல்லைன்னு சொல்லியிருந்தா ரெண்டு பேரை நான் கூட்டிப் போயிருக்க மாட்டனுங்க. பதவிக்கு லாயக்குன்னு காட்டத்தான் கூட்டிப் போனேன்" என்றார் நல்லண்ணன். பிரவீனாவுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே, பதவி உயர்வு இல்லை என்று எழுதி, காரணத்தையும் எழுதி, புத்தகத்தை நீட்டினாள். அவர் பெருவிரலை மையில் தொட்டு வைத்தார். விரலில் ரேகை இல்லாததால் கருங்கல்லின் சொரசொரப்பு மட்டும் பதிந்தது. விசிலைக் கழற்றிப் புத்தகத்தின் மேல் வைத்துவிட்டு, தோளைச் சொடுக்கிக்கொண்டு, நானூறு வருஷத்தில் முதன்முறையாக வாளைக் கீழே வைத்தார்.

குமாரசாமி அந்த மாதமே கொப்பரை காயவைக்கக் கரண்டு அடுப்பு வாங்கினார். தலைமைக் காவலர் பதவிக்குப் பிரவீனாவைப் போட்டார்கள். காரணம், ஊரில் நில் என்று சொல்லத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். நல்லண்ணன் முன்போலவே காவலராக இருக்கிறார், யானைக்கு முன்னால் தனியாகப் போகிறார். பேர் இரண்டும் ஒன்பது நாள் கழித்து, பல் விளக்கிக்கொண்டிருந்தபோது ஞாபகம் வந்தன. சடையன், பொன்னான். இப்போதெல்லாம் யானை திரும்பியதும் அவர் அகழியோரம் நின்று, பின்பக்கம் பார்த்து, "சடையா, பொன்னா, போதும், வாங்க ஊட்டுக்கு" என்று கூப்பிடுகிறார். கொஞ்சம் பொறுத்து, அவர்களுடைய நடைக்குத் தக்க மெதுவாகத் திரும்பி வருகிறார். முதல் வாரம் ஊரில் சிரித்தார்கள். பிறகு கொட்டகையில் டீ போடும் பழனியாத்தாள் இரண்டு டம்ளர் சேர்த்து ஊற்றிப் பெஞ்சின் ஓரத்தில் வைக்க ஆரம்பித்தாள். அவற்றில் ஒன்றுக்குச் சர்க்கரை தூக்கலாக வேண்டுமாம், இல்லையென்றால் பாதி டீ மிச்சமாகிவிடுகிறது என்கிறாள்.