ஒரு தட்டு பழந்துணி

எங்க கடைப் பலகையில பதினாலு பதார்த்தம் எழுதியிருக்கு. அடுப்புல ரெண்டுதான் இருக்கும். எங்க மத்தான்சாஸ் ஊருல இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். இருந்தாலும் வர்றவங்க பலகையை மேலேருந்து கீழ வரைக்கும் பொறுமையா வாசிச்சுட்டு, "இறால் இருக்கா?"ன்னு கேப்பாங்க. என் தங்கச்சி யூமில்கா இடுப்புல கையை வச்சுக்கிட்டு, "இருந்துச்சு, நான் பொறக்கறதுக்கு முன்னாடி"ன்னுவா. அவங்களும் சிரிச்சுட்டு, இருக்கறதைத் தின்னுட்டுப் போவாங்க. அவ வாய் இல்லேன்னா என் கறுப்பு பீன்ஸ் சோத்துக்கு எவன் வரப்போறான்?

வீட்டு முன்னறைதான் கடை. நாலு மேசை. நான் சமையல், அவ பரிமாறுவா. அம்மா போனதுக்கப்புறம் எனக்கு அவ, அவளுக்கு நான், அவ்வளவுதான். எங்க தெருவுல பதினோரு வீடு, அதுல ஏழு பூட்டிக் கிடக்கு. எல்லாம் நாட்டை விட்டே போயாச்சு. இவளும் போயிடுவாளோங்கற ஒரே பயம்தான் எனக்கு ராத்திரி பகலா. போன வருஷம் மாதா படத்துக்கு முன்னாடி அவளை நிக்க வச்சு, கையில சூரியகாந்திப் பூவைக் குடுத்து, "உன்னைத் தனியா விட்டுட்டுப் போகமாட்டேன்னு சத்தியம் பண்ணுடி"ன்னேன். பண்ணினா. பூவைக் கூட ஒழுங்கா படத்துக்குச் சாத்திட்டுத்தான் வந்தா.

எங்க ஊருல போறவங்க யாரும் சொல்லிட்டுப் போறதில்ல. சொன்னா கண்ணு பட்டுடும், விசா கெட்டுடும், விமானம் கிளம்பாதுன்னு நம்பிக்கை. பெத்தவளுக்கே போய்ச் சேர்ந்த இடத்துலேருந்துதான் போன் வரும். ஆனா என் கடையில யாரும் மறைக்க முடியாது. கடைசியா ஒரு தடவை சாப்பிட வருவாங்க பாருங்க, உக்காந்த உடனே எனக்குத் தெரிஞ்சுடும். பலகையைப் பார்க்கவே மாட்டாங்க. சின்ன வயசுல தின்னது எதுவோ அதைக் கேப்பாங்க. மெதுவா மெல்லுவாங்க, சுவத்தைப் பார்ப்பாங்க. கிளம்பறப்ப 'நாளைக்குப் பார்ப்போம்'ங்கற வார்த்தை வாயில வராது. பல் டாக்டர் போகப்போறாருன்னு நான் முன்னாடியே சொன்னேன். எதிர்வீட்டு ரெட்டைப் பசங்களையும் சொன்னேன். ரெண்டும் பலிச்சுது. "அக்காவை ஏர்போர்ட்டுல உக்கார வச்சா ஒருத்தனும் தப்பமாட்டான்"னு யூமில்கா கிண்டல் பண்ணுவா. எனக்கு ஒரே பெருமை. மடச்சி!

அந்த வியாழக்கிழமை காலையில சைக்கிள்காரன் ஒரு துண்டு மாட்டிறைச்சி கொண்டுவந்தான். நாலு மாசம் கழிச்சு இப்பத்தான் கண்ணுல காட்டறான். எங்கேருந்துன்னு நாங்க கேக்கறதில்ல. கரண்டு இல்ல. பின்கட்டுல கரி மூட்டி மூணு மணி நேரம் வேகவிட்டு, நார் நாரா பிச்சு, தக்காளி, குடமிளகா, பூண்டு, சீரகம் போட்டு வதக்கினேன். கிழிஞ்ச துணி மாதிரி இருக்கறதால இதுக்கு எங்க ஆளுங்க வச்ச பேரே பழந்துணிதான். கார்தெனாஸ் ஊருலேருந்து ஒரு வாத்தியார் பொறந்தநாளுக்கு ரெண்டு மணிக்கு ஆறு பேர் வர்றதா இருந்துச்சு. ஆறு தட்டுக்கு அளவா இருந்துச்சு கறி, ஒரு கரண்டி கூடுதல் இல்ல.

ஒரு மணி இருக்கும். கடையில எவரிஸ்தோ அண்ணன் மட்டும்தான். ரயில்வேயில டிக்கெட் கிழிச்சு ஓய்வு வாங்கினவர், நாலு பிள்ளைங்களும் வெளிநாடு, தினம் மத்தியானச் சோறு எங்ககிட்டதான். யூமில்கா ஏப்ரனைக் கழட்டி ஆணியில மாட்டினா. வாசப்பக்கமா வெளிய போனா. மறுபடி உள்ள வந்து, வாடிக்கைக்காரி மாதிரி சன்னலோர மேசையில உக்காந்தா.

"வணக்கம் மேடம். ஒரு தட்டு பழந்துணி."

"ஐயோ, பெரிய இடத்து அம்மாவா? எந்திரிடி, மேசை துடைக்கணும்."

"பசிக்குதுக்கா. ஒரு தட்டு வேணாம், ஒரு கரண்டி குடு போதும்."

கடை தொடங்கின பன்னெண்டு வருஷத்துல இவ ஒருநாள் உக்காந்து கேட்டுச் சாப்பிட்டதில்ல. நின்னுக்கிட்டே சட்டியை வழிச்சுத் தின்னுட்டு, உப்பு கம்மி, பூண்டு ஜாஸ்தின்னு குத்தம் சொல்ற ஜென்மம்.

"ஆறு பேருக்கு அளந்து வச்சிருக்கேன். ஒரு தட்டு குறைஞ்சா வாத்தியாருக்கு உன்னையா வெட்டிப் போடறது?"

"ஏம்மா எடெல்மிரா, பொண்ணு வாய்விட்டுக் கேக்குது, குடேன்"னாரு எவரிஸ்தோ அண்ணன்.

"நீங்க உங்க தட்டைப் பாருங்கண்ணே. உங்க சிபாரிசு ஒண்ணுதான் குறைச்சல்."

யூமில்கா சிரிச்சா. "அம்மா பண்றப்ப அடிச்சட்டியை எனக்குத்தான் குடுப்பா. நீ அழுவே. ஞாபகம் இருக்கா?"

"அம்மா காலத்துல மாடு இருந்துச்சுடி. இப்ப மாட்டுப் படம்தான் இருக்கு. சோறும் வறுத்த வாழைக்காயும் தின்னு. மிச்சம் விழுந்தா நாளைக்குத் தர்றேன்."

தட்டைக் கொண்டுபோய் வச்சேன், கொஞ்சம் ஓசையாவே வச்சேன். நான் பின்கட்டுக்குப் போய்க் கரியை விசிறிக்கிட்டிருந்தேன். திரும்பி வந்தா, தட்டைக் கழுவித் துடைச்சு அடுக்கிக்கிட்டிருந்தா. வழக்கமா அதுக்கு ஒரு சண்டை நடக்கும்.

"நல்லா இருந்துச்சுக்கா."

"உப்பு?"

"சரியா இருந்துச்சு."

தலைவலின்னு சொன்னா. ரெண்டு தெரு தள்ளித்தான் அவ அறை. ஒரு வாரம் முந்தி தன் ஃபேனைக் கொண்டாந்து என் வீட்டுல வச்சிருந்தா, கரண்டே இல்லாத ஊருல எனக்கெதுக்குன்னு. அதுவும் எனக்கு நியாயமாத்தான் பட்டுச்சு. "போய்ப் படு, ஆறு பேரை நான் பார்த்துக்கறேன், நாளைக்குச் சீக்கிரம் வா"ன்னேன். என் நெத்தியில ஒரு முத்தம் குடுத்துட்டுப் போனா. தெருமுனையில நின்னு கையை ஆட்டினா. எனக்குக் கையெல்லாம் எண்ணெய், தலையை மட்டும் ஆட்டினேன்.

மூணு மணிக்கு வாத்தியார் போன் பண்ணினாரு. டீசல் இல்லையாம், பஸ் வரலையாம், ரொம்ப வருத்தமாம். எனக்கு ஆத்திரம்னா ஆத்திரம். அப்புறம், சரி, அவளுக்காச்சும் ஆகட்டும்னு நெனச்சேன். ஓடிப்போய்க் கூப்பிடலாமான்னு வாசல் வரைக்கும் போனேன். தலைவலின்னாளே, தூங்கட்டும்னு திரும்பிட்டேன். பக்கத்து வீடுகளுக்குக் கொஞ்சம் குடுத்தேன். அவளுக்கு மட்டும் ஒரு பெரிய தட்டு நிறைய எடுத்து மூடி ஃபிரிட்ஜுல வச்சேன். கரண்டு வந்துடும்னு ஒரு நப்பாசை. வரல.

மறுநாள் பத்து மணியாச்சு, யூமில்காவைக் காணோம். போய்ப் பார்த்தேன். அறை திறந்து கிடந்துச்சு, மெத்தை சுருட்டியிருந்துச்சு. அப்பவும் என் புத்தி, மெத்தையை வெயில்ல போடத்தான் சுருட்டியிருக்கான்னுது. மத்தியானம் எவரிஸ்தோ அண்ணன் வந்தாரு, ஆணியில தொங்கின ஏப்ரனைப் பார்த்தாரு, உக்காரவே இல்ல.

"நேத்து சுவத்தைப் பார்த்துக்கிட்டே சாப்பிட்டாம்மா. உனக்குத் தெரிஞ்சுதான் பேசாம இருக்கேன்னு நெனச்சேன். நீதானே எல்லாரையும் கண்டுபிடிப்பே?"

ஏப்ரனை ஆணியிலேருந்து எடுத்தேன். அந்த நேரம் பார்த்து போன் அடிச்சுது.

"அக்கா. நான் கயானாவுல இருக்கேன்."

"சத்தியம் பண்ணினியேடி பாவி!"

"பண்ணினேன். சொல்லியிருந்தா நீ அழுதிருப்பே. நானும் நின்னுருப்பேன்க்கா."

நின்னா என்னடின்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு. நாலு மேசையையும் பதினாலு பதார்த்தத்தையும் ஒரு தடவை பார்த்தேன். கேக்கல.

"சாப்பிட்டியா?"ன்னேன்.

"இனிமேதான். ஆமா, அந்த ஆறு பேரும் வந்தாங்களா?"

ஃபிரிட்ஜைத் திறந்து தட்டை எடுத்து மூடியைத் தூக்கினேன். புளிச்ச வாடை குப்புன்னு அடிச்சுது.

"வந்தாங்க. வழிச்சுத் தின்னுட்டுப் போனாங்க. ஒரு நார் மிச்சமில்ல."

"அப்பாடா!"ன்னு சிரிச்சா. "மிச்சம் இருந்திருந்தா, எனக்குத் தராததுக்கு உன்னை ஜென்மத்துக்கும் மன்னிச்சிருக்கமாட்டேன்."

நான் ஏதோ சொல்றதுக்குள்ள லைன் அறுந்துடுச்சு.

வாசல்ல ரெண்டு பேர் நின்னு பலகையை மேலேருந்து கீழ வரைக்கும் வாசிச்சுக்கிட்டிருந்தாங்க. "இறால் இருக்கா?"ன்னான் ஒருத்தன். "இருந்துச்சு"ன்னு ஆரம்பிச்சேன். மீதி எனக்குச் சொல்ல வரல.

"இல்ல"ன்னேன். போயிட்டாங்க.