எர்த்து ஒயர்

…இவனேதான், வேறு யார், இடது காதுமடலில் அந்த மச்சம் இருக்கிறதே, நாலு வருஷமாகக் கண்ணை மூடினால் அம்மாசிக்கு முதலில் தெரிவது அதுதானே… பைக்கை ஸ்டாண்டு போட்ட வெங்கடேசன், மெக்கானிக் அம்மாசியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "லைட்டு மங்கலா எரியுதுப்பா. பிரேக் புடிச்சா இண்டிகேட்டரும் சேந்து மினுக்குது. ரெண்டு பேட்டரி மாத்திட்டேன். சாயங்காலம் மலைமேல கரியாலூர் போவணும், சீக்கிரம் பாரு" என்று சொல்லிவிட்டு செல்போனுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அன்றைக்கும் இப்படித்தான், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில், அம்மாசியின் பெண்டாட்டி கமலா பக்கத்தில் நிற்க, முகத்தைச் சரியாகப் பார்க்காமலே, "மலையிலருந்து எறங்கி வந்து வண்டி திருடுறியாடா" என்று அம்மாசியை அறைந்தான், சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், காணாமல்போன வண்டி மறுநாள் அவன் மச்சான் வூட்டிலேயே கிடைத்தது, அப்புறமாவது வந்து ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, சொன்னானா? கமலா இன்றைக்கும் அந்த பஸ் ஸ்டாண்டில் இறங்குவதில்லை, ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி வெயிலில் நடந்து வருகிறாள்…

சீட்டைக் கழற்றியதுமே தெரிந்துவிட்டது. வண்டிக்குப் புதுப் பெயின்ட் அடித்தவன் எர்த்து ஒயரைப் பெயின்ட் மேலேயே வைத்து முடுக்கியிருக்கிறான், இரும்பில் ஒயர் படவேயில்லை, கரண்டு திரும்பிவர வழியில்லாமல் இண்டிகேட்டர் வழியாக அலைகிறது, இதற்குப் பத்து பேட்டரி மாற்றினாலும் ஆகுமா? போல்ட்டை அரைச் சுற்று முடுக்கிவிட்டால் போதும், இங்கே பளிச்சென்று எரியும், மலையில் நாலு வளைவு குலுங்கினால் ஒயர் விட்டுப்போய் ஒரேயடியாக இருட்டு, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்… யார் வந்து கேட்கப்போகிறார்கள், ஒரு போல்ட்டுக்குச் சாட்சி உண்டா? நினைக்கவே நாக்கில் இனித்தது. விழட்டும், கத்தட்டும், யாரும் திரும்பிப் பார்க்காமல் போகட்டும்… ஆனால் அந்த வளைவில் அந்த நேரத்தில் யார் நடந்து வருவார்கள்? விறகுக்கட்டோடு ஓரமாக வரும் அக்கா பாப்பாத்தி, அவளுக்குப் பின்னால் ஊர்ப் பெண்கள், இருட்டில் இவன் அவர்கள் மேல் ஏற்றிவிட்டால்… சீ, இவனைப் பழிவாங்கக்கூட நம்ம சனத்தையா கொடுக்கணும்? உப்புத்தாளை எடுத்தான். அவன் கன்னத்தையே தேய்ப்பதுபோலத் தேய்த்தான், பெயின்ட் போய், துரு போய், இரும்பு வெள்ளையாக மின்னும்வரை. ஒயர் முனையையும் சுரண்டி, இறுக்கி முடுக்கி, மேலே கிரீஸ் தடவினான். லைட்டைப் போட்டதும் எதிர்ச்சுவர் கூசியது.

"அட, இவ்ளோதானா" என்று வெங்கடேசன் சாவிக்குக் கை நீட்டினான். அம்மாசி கொடுக்கவில்லை. "என்னத் தெரியுதா? பஸ் ஸ்டாண்டுல, வண்டி காணாப்போனப்ப, அடிச்சீங்களே." வெங்கடேசன் நெற்றியைச் சுருக்கி, நிஜமாகவே யோசித்தான், கிண்டல் இல்லை, அதுதான் கொடுமை. "அன்னிக்கி மூணு பேர இல்ல அடிச்சேன்… அதுல நீ எவன்?" சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டான். ஸ்பேனரோடு நின்ற அம்மாசிக்கு அவன்மேல் கோபம்கூட உடனே வரவில்லை… மூணு பேரா? அப்படியென்றால் இன்னும் ரெண்டு பேர், எந்த ஊர், எந்த வேலை, அவர்கள் பக்கத்தில் அன்றைக்கு யார் நின்றிருந்தார்கள்…