ஆத்தா வைத்த பொட்டு

சவப்பெட்டிக்குள் கிடந்த கணவரின் இடது பாதத்தில் சுற்றியிருந்த துணியை அவிழ்க்கத் தொடங்கிவிட்டாள் புஷ்பவள்ளி. மகள் ரமணி ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள்.

"வேணாம்மா, வுட்டுரு."

"போடி அந்தாண்ட. எல்லாரும் இந்தக் காலத் தொட்டுக் கும்பிடணும். ஆத்தா வச்ச பொட்டுடி இது."

லூனாஸ் ஊருக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக் கோயிலில் வருஷம் தவறாமல் தீ மிதித்தவர் ரமணியின் அப்பா குழந்தைவேலு. உள்ளங்காலில் அந்தக் கறுப்புப் புள்ளி வந்தபோது, மாரியம்மனே வைத்த பொட்டு என்று வீடே சிலிர்த்துப்போனது. புள்ளி படர்ந்தது. அம்மா வெள்ளிதோறும் அதற்கு மஞ்சள் பூசினாள். "கிளினிக்ல காட்டலாம்லா" என்று ரமணி வாயெடுத்தால் போதும். "ஆத்தா குடுத்தத எவளாச்சும் டாக்டர்கிட்ட காட்டுவாளா?" என்று எரிந்து விழுவாள்.

வயிற்றுவலியும் கறுத்த மலமுமாக அப்பா சுருண்ட பிறகுதான் ஆஸ்பத்திரி. குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், இரைப்பையிலும் குடலிலும் கறுப்புக் கறுப்பாகக் கட்டிகள் என்றார். அப்புறம்தான் அந்தக் கேள்வி: "உடம்புல எங்கயாச்சும் கறுப்பு மச்சம் இருக்கா?"

ரமணிதான் அப்பாவின் காலைத் தூக்கிக் காட்டினாள். துளி வெட்டிச் சோதித்தார்கள். தோலில் வந்த புற்றுநோய். அங்கிருந்துதான் வயிற்றுக்குள் பரவியிருக்கிறது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை.

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வயித்துல கட்டின்னு மட்டும் அம்மாகிட்ட சொல்லு. கால் விஷயம் வேணாம். தாங்க மாட்டா."

பாவி மனுஷன், தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. அம்மா கண்ணில் படாமல் அந்தக் காலைத் துணியால் சுற்றிவிட்டாள் ரமணி.

இப்போது அம்மாவின் கையில் அந்தத் துணி அவிழ்ந்தது. பொட்டின் நடுவே தையல்.

"யாருடி இத வெட்டுனது?"

நீ மஞ்சள் பூசிப் பூசி வளர்த்தது இதைத்தான் அம்மா என்று சொல்லிவிட்டால், இவள் இனி எப்படி ஒரு வாய் சோறு தின்பாள்?

"நாந்தாம்மா. நாந்தான் டாக்டர்கிட்ட காட்டுனேன்."

"அதான்! ஆத்தா கோவிச்சிக்கிட்டா. என் புருஷனக் கொன்னுட்டியேடி, சண்டாளி!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. ரமணி பக்கத்தில் இருந்த மஞ்சள் கிண்ணத்தை எடுக்கக் குனிந்தாள்.

"தொடாத."

அம்மா தானே மஞ்சளைக் குழைத்து, தையல் மறையும்வரை பூசினாள். உறவினர் ஒவ்வொருவராக அந்தப் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

ரமணி வாசல் கூடாரத்தில், அவிழ்த்த துணியை மடித்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இமையில் மஞ்சளோடு வெளியே வந்த யாரும் அவளைப் பார்க்கவில்லை.