ஆனையூர் வீட்டில் பிடிமண்

கோர்ட்டு என் கணவரைக் கடன்களிலிருந்து விடுவித்து உத்தரவு போட்ட வாரம், ஆனையூர் வீட்டில் கிடா வெட்டினார்கள். இதைச் சொல்லவே எனக்கு நாக்கு கூசுகிறது. கப்பலூரில் அட்டைப்பெட்டி கம்பெனி ஆரம்பித்து, நாலே வருடத்தில் மூடி, கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் மஞ்சள் நோட்டீஸ் அனுப்பிய மனிதர் என் கணவர் சூரியபிரகாஷ். இனி யாரும் வந்து கேட்க முடியாது என்று கோர்ட்டு சொன்னதும், பரீட்சையில் பாஸான பையன் மாதிரி வீட்டுக்குள் நடமாடினார். கிடா வாங்கி வந்தவர் அவருடைய அண்ணன் பேயாண்டி. விருந்துக்குக் கம்பெனியில் வேலை பார்த்த இரண்டு பேரையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர்களுடைய மூன்று மாதச் சம்பளமும் அந்த உத்தரவோடு போனதுதான். அவர்கள் பந்தியில் உட்கார்ந்து தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு, போகும்போது என்னிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனார்கள். குழம்பு ஊற்றிய கையை நான் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

வக்கீல் பவதாரிணிக்கு முப்பது வயதுதான் இருக்கும். என் கணவர் கல்யாணப் பத்திரிகை மாதிரி கையில் வைத்துக்கொண்டிருந்த உத்தரவை வாங்கி, அதில் இல்லாதது என்ன என்று அந்தப் பெண் எங்களுக்கு எடுத்துச் சொன்னது. வீடு எங்கள் இருவர் பேரிலும் இருக்கிறது, பேங்கில் அடமானமும் இருக்கிறது. மற்றக் கடனெல்லாம் போனாலும் வீட்டின் மேல் பேங்குக்கு உள்ள உரிமை போகாது. வீட்டை விற்றால் பேங்குக் கடனுக்கே சரியாகப் போய்விடும், மிஞ்ச ஒன்றுமில்லை என்று கோர்ட்டு நியமித்த அதிகாரியும் அதை ஒதுக்கிவிட்டார். ஆகவே வீட்டை விடுவதற்கு மூன்று வழி இருக்கிறது என்றது பவதாரிணி. நாங்களே ஆள் பார்த்து, பேங்கின் சம்மதத்தோடு நல்ல விலைக்கு விற்றுக் கடனை முடிக்கலாம். சாவியைக் கொண்டுபோய் பேங்கில் கொடுத்துவிடலாம், அவர்கள் ஏலம் விடுவார்கள். இரண்டும் இல்லையென்றால், அவர்கள் போலீசோடு வந்து பூட்டுகிறவரை உட்கார்ந்திருக்கலாம்.

"உக்காந்திருந்தா எனக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டார் என் கணவர்.

"உங்களுக்கு ஒண்ணுமில்ல சார். ஜாமீன் கையெழுத்துப் போட்டவருக்குத்தான் நஷ்டம். கோர்ட்டு உங்களத்தான் விட்டுச்சு, அவர விடல."

அந்த ஜாமீன் கையெழுத்து என் தம்பி மலைச்சாமியுடையது. அரசு பஸ் கண்டக்டர். மச்சான் கேட்டார் என்று டிப்போவிலிருந்து அரை நாள் லீவு போட்டு வந்து, எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டவன். ஏலத்தில் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவும் அவன் சம்பளத்தில் விடியும். அவன் மகள் பாண்டிமீனா நர்சிங் காலேஜில் சேர வேண்டிய வருடம் இது. என் கணவர் வெளியே வந்ததும் பவதாரிணியின் வயதைப் பற்றித்தான் பேசினார்.

நான் முதல் வழியைப் பிடித்துக்கொண்டேன். தரகர் மூலம் இரண்டு பேர் வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதில் ஒருவர் இம்மானுவேல், மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை பார்ப்பவர். ஐம்பத்திரண்டு லட்சம் சொன்னார். கடனும் வட்டியும் சேர்ந்து ஐம்பத்தொன்று. அடுத்த வாரம் மனைவியைக் கூட்டிவருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் பேயாண்டி காரில் வந்து இறங்கினார். நெற்றி முழுக்க விபூதி, கையில் மஞ்சள் துணி முடிச்சு. குலசாமி கருப்பு கனவில் வந்து, என் பிள்ளை வீட்டில் எனக்கு இடம் வேண்டும் என்று கேட்டதாம். உசிலம்பட்டிப் பக்கத்துக் கோயிலிலிருந்து பிடிமண் வாங்கிக் கொண்டுவந்தாராம். ஒரு கோயிலின் மண்ணைப் பூசாரி கையால் வாங்கி, வழியில் எங்கும் கீழே வைக்காமல் கொண்டுவந்து இன்னொரு இடத்தில் பதித்தால், சாமியும் கூடவே வந்துவிடும். எங்கள் பக்கத்தில் இது விளையாட்டுக் காரியமில்லை. கேட்டுக்குள் நுழைந்ததும் இடது பக்கம் பள்ளம் தோண்டி, மண்ணை வைத்து மூடி, ஒரு செங்கல் பீடம் கட்டி, ஆள் உயர அரிவாளை நட்டு, எலுமிச்சம்பழம் குத்தினார். என் கணவர் சட்டையைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

இம்மானுவேல் மனைவியோடு வந்தபோது அரிவாளைப் பார்த்து பைக்கை நிறுத்தாமலேயே திருப்பினார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்தான். ஆனாலும் மதுரைக்காரர். கருப்பு குடியிருக்கும் இடத்தை விலைக்கு வாங்கும் துணிச்சல் இங்கே எந்த மதத்துக்காரருக்கும் கிடையாது. மற்றவரும் போனை எடுக்கவில்லை. மாதங்கள் போயின. பேங்குக்காரர்கள் கதவில் நோட்டீஸ் ஒட்டி, பேப்பரில் விளம்பரம் போட்டு, இரண்டு முறை ஏலம் விட்டார்கள். ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் ஆரம்ப விலை குறைந்தது. மூன்றாவது ஏலம் நாற்பது லட்சத்தில் ஆரம்பம் என்று தேதி குறித்தார்கள்.

வீடு அந்த விலைக்குப் போனால் பாக்கி பதினோரு லட்சத்துக்கும் நீங்கள்தான் பொறுப்பு என்று பேங்கிலிருந்து மலைச்சாமிக்குக் கடிதம் போனது. டூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு வந்தான். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவன் செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு, பீடத்தின் முன் விழுந்து கும்பிட்டு, விபூதி பூசிக்கொண்டு உள்ளே வந்தான். பீடத்தை எடுத்துவிடலாம், வீடு விலை போகும் என்று நான் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாம்க்கா. சாமி வந்து உக்காந்துருச்சு. அதக் கிளப்புனா எம்பிள்ளைக்கு ஆகாது. நான் எப்படியாச்சும் கட்டிக்கிறேன். பாண்டிமீனா ஒரு வருசம் சும்மா இருக்கட்டும்."

உள்ளறையில் என் கணவர் டிவி சத்தத்தைக் குறைக்கக்கூட இல்லை.

மறுநாள் பேங்குக்குப் போய்த் தவணை கேட்டேன். அங்கிருந்த அதிகாரி ஒரு பெண், நல்ல மாதிரி. எங்கள் சொந்தக்காரர் ஒருவர் அடிக்கடி வந்து ஏல விலை எவ்வளவு இறங்கும் என்று விசாரிப்பதாகவும், மூன்றாவது ஏலத்துக்கு முன்பணம் கட்ட விண்ணப்பம் வாங்கிப் போயிருப்பதாகவும் சொன்னார். பெயரைக் கேட்டேன். பேயாண்டி என்றார்.

ஆனையூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. திருடன் வீட்டுக்குள் வந்தால் விரட்டலாம். இந்த மனிதர் கருப்பைக் கூட்டிவந்து காவல் வைத்துவிட்டு, அவர் முதுகுக்குப் பின்னால் நின்று விலை பேசுகிறார். மற்றவர்களுக்குத்தான் அந்த வீடு பயம். அவருக்கு என்ன, அவருடைய சாமி, அவருடைய வீடு. என் கணவருக்குத் தெரிந்தால் மனம் உடைந்துபோவார் என்றுகூட நினைத்தேன். நானும் ஒரு கிறுக்கச்சிதான்.

சொன்னதும் அவர் திடுக்கிடவில்லை. தலையைச் சொறிந்தார்.

"அண்ணன் ஏலத்துல எடுத்துட்டு நம்மளயே வாடகைக்கு வச்சுக்கிறேன்னு சொல்லிருக்காரு தமிழு. வீடும் போகாது, ஊருக்குள்ள பேரும் போகாது. இதுல உனக்கு என்ன கஷ்டம்?"

"அப்ப மலைச்சாமி?"

"அவனுக்கென்ன, கவர்மெண்டு சம்பளம். மாசாமாசம் கட்டிட்டுப் போறான்."

இருபது வருடம் இந்த மனிதரோடு ஒரே பாயில் படுத்திருக்கிறேன். அன்று அவர் சாப்பிட்ட தட்டைத் தொட எனக்கு மனம் வரவில்லை. அது ஈ மொய்த்துக்கொண்டு மறுநாள் வரை அங்கேயே கிடந்தது.

பேயாண்டி சொன்ன கனவின் மேலும் சந்தேகம் வந்து, குலசாமி கோயிலுக்குத் தனியாகப் போனேன். பூசாரி சுருளி அப்போதுதான் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பேயாண்டிக்குப் பிடிமண் கொடுத்த நாள் எது என்று கேட்டேன். இந்த வருடம் யாருக்கும் மண் எடுத்துக் கொடுக்கவில்லை என்றார். அதை ஊரறியச் சொல்ல முடியுமா என்று கேட்டதும் மனிதர் திரியைத் தூண்ட ஆரம்பித்துவிட்டார். கோயில் வரியில் பாதி பேயாண்டி கொடுப்பது. அவருக்கும் பயம். ஆனால் நான் கிளம்பும்போது தரையைப் பார்த்துக்கொண்டே ஒன்று சொன்னார்.

"பிடிமண்ணு வச்சா அந்த எடம் அம்புட்டுப் பங்காளிக்கும் பொது, தாயி. தனி ஆளு சொந்தம் கொண்டாட முடியாது. பங்காளிகளுக்குச் சொல்லிவிட்டீகளா?"

நான் அன்று சாயங்காலமே போனை எடுத்தேன். முப்பத்திரண்டு தலைக்கட்டு, அதாவது முப்பத்திரண்டு பங்காளிக் குடும்பம். ஒன்று விடாமல் கூப்பிட்டேன். நம் சாமி ஆனையூருக்கு வந்து மாதக்கணக்காகிறது, முதல் படையலுக்கு எல்லோரும் வரவேண்டும் என்றேன். பொய் இல்லை, பேயாண்டி சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னேன். ஏலத்துக்கு நாலு நாள் முந்திய வெள்ளிக்கிழமை வேன் வைத்து வந்து இறங்கினார்கள். தெருவே அடைத்துக்கொண்டது. பேயாண்டிக்கு வேர்த்துவிட்டது. ஆனாலும் சமாளித்து, சாமி வந்த கதையைக் கனவோடு சேர்த்து எல்லோருக்கும் சொன்னார்.

சிம்மக்கல்லில் தேங்காய் மொத்த வியாபாரம் பண்ணும் சோலையும் வந்திருந்தார். பங்காளிகளில் எதிர்த்துப் பேச ஆள் இல்லாத வாய் அவருக்கு. பொங்கல் வைத்து முடித்ததும் அவர் எழுந்து நின்று முறையைச் சொன்னார். இனி இது பொதுக் கோயில், மாசிப் பச்சைத் திருவிழாவுக்கு எல்லோரும் இங்கேதான் கூடுவோம். வீட்டுக்குள் கவிச்சி சமைக்கக் கூடாது, செருப்பு கூடாது. வீடு ஏலத்துக்கு வருவதாகக் கேள்விப்பட்டோம், நம் ஆள் யார் எடுத்தாலும் அன்றைக்கே சாமி பேருக்கு எழுதித் தந்துவிட வேண்டும். முப்பத்திரண்டு தலையும் ஆடியது. பேயாண்டியின் முகம் வெளுத்துப்போனதை நான் அடுப்படி ஜன்னலில் நின்று பார்த்தேன். சந்தோஷமாக இல்லை. சாக்கடையைக் கிளறிவிட்டு நிற்கிற மாதிரிதான் இருந்தது.

அது அவ்வளவு பெரிய விஷயமில்லை, வீட்டோடு ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று பேயாண்டி இழுத்தார். சோலைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு தட்டில் சூடத்தை ஏற்றி அவர் முன்னால் நீட்டினார்.

"பேயாண்டிண்ணே, இது நம்ம கோயில் மண்ணுதான், எடத்தச் சாமிக்கே எழுதுறேன்னு சொல்லிச் சூடத்த அணைங்க. நாங்க போயிட்டே இருக்கோம்."

எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துப் பொய் சொன்னவன் குடும்பம் விளங்காது என்று எங்கள் ஆட்கள் நம்புகிறார்கள். கையெழுத்துப் போட்டு ஊரை ஏமாற்றுவார்கள், கோர்ட்டில் ஏறிப் பொய் சொல்வார்கள், சூடத்துக்கு மட்டும் பயப்படுவார்கள். பேயாண்டி கையைத் தூக்கினார். அது சூடத்துக்கு மேலே வந்து நின்றது. சூடம் உருகித் தட்டில் ஓடியது. பிறகு அவர் கையை இழுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"கோயிலுக்குப் போக அன்னைக்கு நேரமில்ல. கப்பலூரு கம்பெனி வாசல்ல அள்ளுனது" என்றார்.

சோலை தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய் அரிவாளை ஆட்டிப் பிடுங்கினார். ஒரு பெண் வந்து பீடத்தின் மேல் காறித் துப்பினாள். வைத்த பொங்கலை ஒருவரும் தொடவில்லை. அத்தனை பேரும் வேனில் ஏறிப் போய்விட்டார்கள். என் கணவர் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. அவராகவும் வெளியே வரவில்லை.

விஷயம் மதுரை முழுக்கப் பரவ ஒரு நாள்தான் ஆனது. இம்மானுவேலிடம் நானே போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன். சோலையும் போனில் அவருக்கு உறுதி சொன்னார். ஐம்பத்திரண்டுக்கே வாங்கிக்கொள்கிறேன் என்றவர், பவதாரிணியோடு பேங்குக்கு வந்து முன்பணம் கட்டினார். இடையில் ஏறிய வட்டியைத் தள்ளிவிட பேங்கும் சம்மதித்தது, ஏலம் நின்றது. இரண்டு மாதத்தில் பத்திரம் பதிவானது. அன்று மத்தியானம் பேங்கிலிருந்து கடன் முடிந்ததற்கான கடிதமும், மலைச்சாமி இனி ஜாமீன்தாரர் இல்லை என்ற கடிதமும் என் கைக்கு வந்தன. பதிவு அலுவலகத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று இரண்டாவது கடிதத்தை மூன்று தடவை படித்தேன். தம்பிக்குப் போன் போட்டேன். மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது. பாண்டிமீனாவுக்கு நாளைக்கே பீஸ் கட்டச் சொன்னேன்.

என் கணவர் இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்தார். கொஞ்ச நாளாகவே பணிவாக இருந்தார். டீயைக் கொடுத்துவிட்டு என் கையிலிருந்த கடிதத்தை எட்டிப் பார்த்தார்.

"அப்ப மலைச்சாமி பேருல இப்ப எந்தக் கடனும் இல்ல."

"இல்ல."

"கப்பலூர்ல ஒரு ஷெட்டு வாடகைக்கு வருது தமிழு. பேப்பர் கப்பு போடலாம். உன் பேருல லோன் கேட்டா குடுப்பாக. ஜாமீனுக்கு ஒரு கையெழுத்துத்தான் வேணும். நீ சொன்னா உந்தம்பி தட்டமாட்டான்."

நான் டீயை மரத்தடியில் ஊற்றினேன். காலையிலேயே வீட்டைக் காலி செய்திருந்ததால் பெட்டியும் துணிமணியும் வாசலில் நின்ற ஆட்டோவில் இருந்தன. அதில் அவருடையதை எடுத்துத் தரையில் வைத்தேன். அவருடைய அண்ணன் வீட்டுக்குப் போகும் பஸ் எதிர்ப்பக்கம் நிற்கும் என்று காட்டினேன். அவர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். ஆட்டோக்காரர் எங்கே போகவேண்டும் என்று கேட்டார்.

"எந்தம்பி வீட்டுக்கு" என்றேன்.

ஆட்டோ கிளம்பும்போது அவர் பக்கத்தில் ஓடிவந்து, கையெழுத்து இந்த வாரமே வேண்டியதில்லை, அடுத்த மாதம் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.