மூன்றாம் ஓலை

என் அண்ணன் முருகானந்தம் எங்கள் குடும்பத்துக்கு வைத்திருக்கும் பெயர் ‘பஸ் மாறிகள்’. மற்றவர்கள் ஒரே பஸ்ஸில் ஏறி நேராகப் பரலோகத்தில் போய் இறங்குவார்களாம். நாங்கள் மட்டும் ராசிபுரத்தில் ஏறி, அயோத்தியாப்பட்டணத்தில் இறங்கி, சேலத்தில் வேறு வண்டி பிடித்து, கடைசியில் டிக்கெட்டைத் தேடிக்கொண்டு நிற்போமாம். கல்யாண வீடு, துக்க வீடு என்று பார்க்காமல் சொல்வார். நாம் சிரிக்காவிட்டால் அவருக்குக் கோபம் வேறு வரும்.

எங்கள் அப்பா சென்னிமலை ராசிபுரத்தில் பட்டுத்தறி ஓட்டியவர். எங்கள் இரண்டு பேருக்கும் பெயர் வைத்த பிறகுதான் அவர் கிறிஸ்தவரானார். பிள்ளைகளின் பெயரை மாற்றச் சொன்னதற்கு, கூப்பிட்டுப் பழகிவிட்டது என்று மறுத்துவிட்டார். அதனால்தான் அண்ணன் முருகானந்தமாகவும் நான் நர்மதாவாகவும் இருந்தபடியே ஞானஸ்நானம் பெற்றோம். ஓடு வேய்ந்ததால் ஊரில் ஓட்டுக் கோயில் என்று சொல்கிற எங்கள் சபைக் கோயில் எழும்பியபோது அப்பா மண் சுமந்திருக்கிறார். இன்று அண்ணன் அங்கே கமிட்டிச் செயலாளர். அப்பா மண் சுமந்த கோயிலை நான் விட்டுப் போனேன் என்பது அவருக்கு ஆறாத வயிற்றெரிச்சல்.

ஆசைப்பட்டா போனேன்? என் வீட்டுக்காரர் ஈஸ்வருக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலை. போர் போட வடநாட்டுக்குப் போனால் ஊர் திரும்ப மாசக்கணக்கில் ஆகும். திரும்பியவர் கூடவே குடியையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஓட்டுக் கோயிலில் எல்லாரும் என் கையைப் பிடித்து, ஜெபித்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். நாங்கள் குடியிருந்த அயோத்தியாப்பட்டணம் பக்கம் தகரக் கொட்டகையில் சபை நடத்திய பெந்தெகொஸ்தே பாஸ்டர் ஒருவர்தான் எங்கள் வீட்டுக்கே வந்தார். குடித்துவிட்டுக் கிடந்தவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. சில நாள் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார். மறுநாளும் வருவார். அந்த மனுஷன் வருவதற்கு வெட்கப்பட்டே இவர் குடிப்பதைக் குறைத்தார், பிறகு விட்டார்.

அதற்கப்புறம் அந்தக் கொட்டகையை விட்டு வரச் சொன்னால் எனக்கு எப்படி மனசு வரும்? கழுத்தில் காதில் இருந்ததைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினேன். குழந்தையில் தலையில் தண்ணீர் தெளித்ததெல்லாம் போதாது, முழுக வேண்டும் என்றார்கள். ஒரு தோட்டத்துத் தொட்டியில் குடும்பத்தோடு முழுகினோம். என் மகள் யாழினிக்கு அப்போது பதிமூன்று வயது. வெள்ளை அங்கியோடு தண்ணீரிலிருந்து சிரித்துக்கொண்டே எழுந்தாள். அந்தப் படத்தை இன்றும் பீரோவில் வைத்திருக்கிறேன்.

சில வருஷத்தில் கொட்டகைச் சபை இரண்டாக உடைந்தது. தேவனுடைய காரியமாக அல்ல, மைக் செட் யாருக்குச் சொந்தம் என்பதில். மனம் வெறுத்து, சேலத்தில் ஏசி ஹாலில் நடக்கும் பெரிய சபைக்குப் போனோம். பெரிய திரை, டிரம்ஸ், கீபோர்டு என்று எல்லாம் இருந்தது. எனக்குப் பிடித்தும் இருந்தது. காலேஜ் படித்துக்கொண்டிருந்த யாழினிதான் ஒருநாள் வீட்டுக்கு வந்து, “அங்க சாமிய ஒரு வார்த்த பேச உட மாட்டேங்கறாங்கம்மா” என்றாள். அடுத்த ஞாயிறு தனியாகப் பஸ் ஏறி ராசிபுரம் போய், நான் விட்டு வந்த ஓட்டுக் கோயிலில் பின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அந்த அமைதி பிடித்துப்போய் அங்கேயே சேர்ந்தும்விட்டாள்.

எனக்கு முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. பிறகு யோசித்தேன். கர்த்தர் ஒருவர்தான். ஆனால் அவரை முழுசாக ஒரே சபை எங்களுக்குக் காட்டிவிடவில்லை. என் வீட்டில் சாப்பாட்டுக்கு முன் சொல்லும் ஜெபம் ஓட்டுக் கோயிலில் படித்தது. வெள்ளிக்கிழமை உபவாசம் கொட்டகையில் பழகியது. இதில் எதை விடச் சொன்னாலும் எனக்குக் கை ஒடிந்த மாதிரி இருக்கும்.

யாழினிக்கு நாமக்கல்லில் மாப்பிள்ளை அமைந்தது. கோழித்தீவனக் கம்பெனியில் நல்ல வேலை. அவர்களும் பழைய சபைக்காரர்கள். முறைப்படி ஓலை வாசித்தால்தான் தாலி கட்டுவது என்று சம்பந்தி முதலிலேயே சொல்லிவிட்டார். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஆராதனையில் ஆயர் பெண், மாப்பிள்ளை பெயரை வாசித்து, இந்த விவாகத்துக்குத் தடை இருந்தால் சொல்லுங்கள் என்று சபையைக் கேட்பார். அதுதான் ஓலை. இரண்டு ஓலை சுமுகமாக முடிந்தது. பத்திரிகை கொடுத்தாயிற்று. மூன்றாம் ஓலைக்கு அடுத்த வியாழன் கல்யாணம்.

இந்த நேரத்தில்தான் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். மண்டபத்துத் திரையில் ஓட்டுவதற்குப் பெண்ணின் சின்ன வயசுப் படங்கள் வேண்டும் என்று ஸ்டுடியோக்காரர் கேட்டார். தேடி எடுத்த படங்களைப் பெருமை தாங்காமல் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டேன். தொட்டிப் படமும் அதில் இருந்தது. எல்லாரும் இதயம் போட்டார்கள். அண்ணன் மட்டும் ஒன்றும் போடவில்லை. பெரியவர்கள் நாங்கள் முழுகியது அவருக்குத் தெரியும்; யாழினியும் முழுகிய விஷயம் அதுவரை தெரியாது என்பது எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு நாங்கள் எல்லாரும் ராசிபுரம் போனோம். சம்பந்தி வீட்டார் வேன் வைத்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். ஆயர் இளவயசுக்காரர், நிதானமாகப் பேசுகிறவர். பெயர்களை வாசித்து, வழக்கம்போலத் தடை உண்டா என்று கேட்டு, மேலே பார்க்காமலே தாளை மடிக்கப் போனார். கமிட்டி பெஞ்சிலிருந்து அண்ணன் எழுந்தார்.

“தடை இருக்குதுங்க” என்றார்.

பெண் குழந்தையிலேயே இந்தக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவள், பிறகு வேறு இடத்தில் மறு ஞானஸ்நானம் எடுத்திருக்கிறாள், அதை மறைத்துச் சபையில் சேர்ந்திருக்கிறாள், சபை ஒழுங்குப்படி அப்படிப்பட்டவர்களுக்கு இங்கே உறுப்பினர் உரிமை கிடையாது, அதனால் இந்தக் கோயிலில் கல்யாணம் நடத்த முடியாது என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். தாய்மாமன். கையால் தூக்கி வளர்த்த பிள்ளையைப் பற்றிப் பேசுகிறோம் என்ற நினைப்பே அவர் குரலில் இல்லை. சம்பந்தி திரும்பி என்னைப் பார்த்தார். யாழினி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அழுகையை அடக்குவது தோளில் தெரிந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தேன்.

“முழுக வச்சது நானுங்க. அவ சின்னப் புள்ள” என்றேன். “ஜெபம் பண்ண இந்தக் கோயில்லதான் சொல்லிக் குடுத்தாங்க. பண்ணுன ஜெபத்துக்குப் பதில் அங்க கெடச்சுதுங்க. எம்பட ஊட்டுக்காரரு மனுசனா ஆனது அங்கதான். ரெண்டுல எதையும் நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். தப்புன்னா என்னைய எழுதிக்குங்க, புள்ளைய உட்ருங்க.”

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. ஒழுங்கு எல்லாருக்கும் ஒன்றுதான், தன் சொந்தக்காரர்கள் என்பதற்காக வளைக்க முடியாது என்று ஆயரிடம் சொன்னார். ஆயர் வாய் திறப்பதற்குள் எனக்குப் பின்னால் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. என் அண்ணி சௌமியா எழுந்து நின்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சபையில் ஒரு வார்த்தை பேசியறியாதவள்.

“அப்ப எம்பட பேரையும் எழுதிக்குங்க ஐயா” என்றாள். “கொரோனாவுல இவருக்கு ஆக்சிஜன் வச்சிருந்தப்ப நானும் அயோத்தியாப்பட்டணம் போயி முழுகுனேனுங்க. இவரு உசுரோட ஊடு வந்து சேரோணும்னு. வந்தவருகிட்டச் சொல்லப் பயமா இருந்துச்சு. இத்தன வருசமும் இதே கோயில்லதான் நற்கருணை எடுத்துட்டு இருக்கறேன்.”

அண்ணன் திரும்பினார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதற்குள் பாடகர் குழுவிலிருந்து ஒரு அம்மா தயங்கித் தயங்கி எழுந்தார். ஆண்கள் பக்கம் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து, ஏற்காடு அடிவாரத்தில் ஒரு கன்வென்ஷனுக்குப் போன இடத்தில் தானும் முழுகியதாகச் சொன்னார். பின்வரிசையில் ஒரு குடும்பமே எழுந்தது. வெளியே சொல்ல வெட்கப்பட்டு, கஷ்டம் வந்தபோதெல்லாம் எத்தனை பேர் எங்கெங்கோ போய் முழுகிவிட்டு, நல்ல பிள்ளையாக இங்கே வந்து உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

ஆயர் ஒருமுறை எல்லாரையும் பார்த்தார். செயலாளர் சொன்ன ஒழுங்கு உண்மைதான் என்றார். அதே ஒழுங்கில், அப்படிப்பட்டவர்கள் விரும்பினால் சபை முன்னால் ஜெபித்து மறுபடி சேர்த்துக்கொள்ளலாம் என்றும், செயலாளர் அவர்களுக்கு ஐக்கியத்தின் வலதுகை கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறதாம். “எந்திரிச்சவங்க முன்னால வாங்க” என்றார்.

யாழினிதான் முதலில் போனாள். அவள் பின்னால் மற்றவர்கள் போய் வரிசையாக நின்றார்கள். நான் போகவில்லை. தொட்டியில் முழுகியதை நான் மறைத்ததும் இல்லை, இங்கே மறுபடி சேரக் கேட்டதும் இல்லை. ஆயர் ஜெபித்து முடித்ததும் அண்ணன் கையை நீட்டிக்கொண்டு வந்தார். யாழினி அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்தாள். அவர் இன்னொரு கையை அவள் தலைமேல் வைத்தார். அடுத்து ஹெட்மாஸ்டர். அதற்கடுத்து அண்ணி.

அண்ணியின் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. இத்தனை பேர் நடுவில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம் என்ற கூச்சம்கூட அவருக்கு இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு இறங்கியது. அவள்தான் மெல்லக் கையை உருவி, வரிசையில் நிற்கிறவர்களைக் காட்டினாள்.

எல்லாரும் இடத்துக்குத் திரும்பியதும் ஆயர் தாளைப் பிரித்து, மூன்றாம் ஓலையை முதலிலிருந்து மறுபடி வாசித்தார். தடை உண்டா என்று கேட்டபோது கோயிலே அண்ணனைப் பார்த்தது. சம்பந்தியும் பார்த்தார். அண்ணன் எழுந்தார். ஆயரைப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தார்.

“தடை ஒண்ணுமில்லைங்க” என்றார். “நான் தாய்மாமன் சொல்றேன். வியாழக்கிழமை எல்லாரும் வந்திருங்க.”

அந்தக் கோயிலில் சத்தம் போட்டு யாரும் ஸ்தோத்திரம் சொல்லி நான் கேட்டதில்லை. நான் சொன்னேன். தகரக் கொட்டகையில் கற்றுக்கொண்ட தொண்டையோடு, அடிவயிற்றிலிருந்து அல்லேலூயா என்றேன். ஓடு அதிர, அண்ணியும் ஹெட்மாஸ்டரும் பின்வரிசைக் குடும்பமும் சேர்ந்து ஆமென் என்றார்கள்.