மாமியார் லேப்டாப்பின் பயாஸ்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது அண்ணிக்குச் சம்பளம் வரும் வேலை. வீட்டிலிருக்கும் கம்ப்யூட்டர்களைக் கழற்றிப் பார்ப்பது சம்பளம் வராத வேலை. இரண்டில் எதில் அவளுக்கு அதிக ஆசை என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. கொழுந்தன் சின்னவன் அவளுக்கு ‘ஸ்க்ரூ அண்ணி’ என்று பெயரே வைத்துவிட்டான்.

அன்று மதியம் சின்னவனுக்கு வீடியோவில் நேர்காணல். குழந்தைகள் புத்தகம் போடும் கம்பெனி. அவன் வரைந்த படங்களைத் திரையில் திறந்து, அவர்கள் கண்ணெதிரே திருத்திக் காட்ட வேண்டும். படங்கள் எல்லாம் அவனுடைய லேப்டாப்பில்தான் இருந்தன. ஆனால் அதில் வைஃபை அடிக்கடி அறுந்து போனது.

“அண்ணி, நடுவுல கட்டாச்சுன்னா என் கதை முடிஞ்சது. ஏதாவது பண்ணு,” என்று காலையிலேயே பின்னால் வந்து நின்றான்.

அண்ணியிடம் வேறொரு நல்ல வைஃபை கார்டு இருந்தது. ஆனால் அந்த லேப்டாப், அதைத் தயாரித்த கம்பெனி சொன்ன கார்டைத் தவிர வேறெதையும் உள்ளே சேர்க்காது. அந்தப் பூட்டு இருப்பது பயாஸில். கம்ப்யூட்டரைக் கண் விழிக்க வைக்கும் ஃபர்ம்வேர் அது. பூட்டை எடுத்துவிட்ட பயாஸை அதே மாடலுக்கென்று இணையத்தில் யாரோ போட்டிருந்தார்கள். கடை முதலாளியின் லேப்டாப்புக்கு இதே வைத்தியம் செய்து நல்ல பேர் வாங்கியவள் அண்ணி. பின்மூடியைத் திறந்து, பேட்டரியைப் பிரித்து, சிப்பைப் படித்து எழுதும் கருவியின் கிளிப்பைப் பயாஸ் சிப்பின் மேல் மாட்டினாள்.

புதிதாக எழுதுமுன் பழையதை இரண்டு முறை படித்துச் சேமிப்பாள். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் மேலே கை வைப்பாள். அன்றும் படித்தாள், ஒப்பிட்டாள். அச்சு அசல் ஒன்றாகவே இருந்தன. எழுதப் போனபோது கருவி முரண்டு பிடித்தது. கிளிப் லேசாக நழுவியிருந்தது. அழுத்திப் பொருத்தினாள். இப்போது மறுபேச்சில்லாமல் எழுதி முடித்தது.

பேட்டரியை மாட்டி பட்டனை அழுத்தினாள். விளக்கு எரிந்தது. திரை எரியவில்லை.

இணையத்துப் பயாஸ் இதற்கு ஒத்துவரவில்லை போலும் என்று, பதறாமல் பழைய பிரதியைத் திரும்ப எழுதினாள். அப்போதும் திரை கறுப்பாகவே இருந்தது. அதன் பிறகுதான் அந்தப் பிரதியைத் திறந்து பார்க்கத் தோன்றியது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே எழுத்து. அதாவது, ஒன்றுமே இல்லை. கிளிப் ஆரம்பத்திலிருந்தே சிப்பைத் தொடவில்லை. இரண்டு முறையும் வெறுமையைப் படித்து, வெறுமையும் வெறுமையும் ஒன்றுதான் என்று திருப்திப்பட்டிருக்கிறாள்.

சின்னவனிடம் மறைக்காமல் சொன்னாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். படங்களை வேறெங்காவது காப்பி எடுத்து வைத்திருக்கிறானா என்று கேட்டாள். எடுக்கணும் எடுக்கணும் என்று நினைத்துக்கொண்டே இருந்தானாம். கழற்றி வேறு கம்ப்யூட்டரில் போடவும் வழியில்லை. அந்த மாடலில் படங்களைச் சேமிக்கும் சிப்பைப் போர்டோடு பற்றவைத்திருந்தார்கள்.

மிச்சமிருந்தது ஒரே வழி. அதே மாடல் இன்னொன்றும் வீட்டில் இருந்தது. ஒன்று வாங்கினால் இன்னொன்று பாதி விலை என்று சேர்த்து வாங்கியது. அதிலிருக்கும் பயாஸைப் படித்து இதில் எழுதலாம். ஆனால் அது மாமியாருடையது. தூரதேசத்தில் நிறைமாதமாக இருக்கும் மகளிடம் அவர் தினமும் முகம் பார்த்துப் பேசுவது அதில்தான். அதைத் துடைக்கக்கூட யாரையும் விடமாட்டார்.

மாமியார் குளித்துக்கொண்டிருந்தார். அவர் வெளியே வருவதற்குள் காரியத்தை முடித்துவிடலாம் என்று சின்னவன் கிசுகிசுத்தான். அண்ணிக்கும் அந்த ஆசை வராமல் இல்லை. காலையில் நழுவிய கிளிப்பைப் பார்த்தாள். அத்தை வரட்டும் என்று உட்கார்ந்து காத்திருந்தாள்.

மாமியார் தலை துவட்டியபடியே முழுக்கதையையும் கேட்டார்.

“இவனோடது எப்படிச் செத்துச்சு?”

“நான்தான் அத்தை. சரியாப் பார்க்காம எழுதிட்டேன்.”

“என்னோடதும் அப்படிப் போச்சுன்னா?”

“படிக்க மட்டும்தான் போறேன். எதையும் எழுத மாட்டேன். ஆனா போகவே போகாதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன்.”

மாமியார் சின்னவனின் முகத்தைப் பார்த்தார். துண்டை உதறிக் கொடியில் போட்டார்.

“என் எதிர்ல கழட்டு. வேலை முடிஞ்சதும் முதல்ல என்னோடதை ஓட்டிக் காட்டணும். அப்புறம்தான் அவனோடது.”

நேரமாகிறது என்று சின்னவன் முணுமுணுத்தான். “நீ வாயை மூடு. காப்பி எடுத்து வைக்கத் துப்பில்லை,” என்று அம்மா அடக்கினார்.

அண்ணி இந்த முறை கிளிப்பை டார்ச் அடித்துப் பார்த்து மாட்டினாள். இரண்டு முறை படித்தாள், ஒப்பிட்டாள், திறந்தும் பார்த்தாள். எழுத்தும் எண்ணுமாக நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. நடுவில் லேப்டாப் கம்பெனியின் பெயரும் இருந்தது. மாமியாருடையதை ஒரு ஸ்க்ரூ விடாமல் பூட்டி, ஓட்டிக் காட்டினாள். அவர் அதில் மகளைக் கூப்பிட்டு, “ஒண்ணுமில்லடி, சும்மாதான்,” என்று சொல்லி வைத்த பிறகே தலையை ஆட்டினார்.

பிறகு சின்னவனுடையதில் எழுதினாள். பட்டனை அழுத்தினாள். திரை யோசித்தது. ரொம்பவே யோசித்தது. பிறகு வெளிச்சம் வந்தது. சின்னவன் தன் படங்கள் இருக்கும் இடத்தைத் திறந்தான். எல்லாம் இருந்தன.

பின்மூடியைப் போட நேரமில்லை. பூட்டும் பழையபடி வந்துவிட்டதால் பழைய கார்டுதான் கதி. இரண்டு புத்தகங்களின் மேல் லேப்டாப்பை வைத்து, வைஃபை பெட்டிக்கு நேர் கீழே அவனை உட்காரவைத்தார்கள். பேச்சு நடக்கும் வரை மாமியாரும் மருமகளும் சமையலறையில் ஒரு பாத்திரத்தைக்கூட நகர்த்தவில்லை. நடுவில் ஒரு தடவை அவன் குரல் நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குரல் மறுபடி வந்தது.

கொஞ்ச நேரம் கழித்துச் சின்னவன் வாசற்படியில் வந்து நின்றான். திங்கட்கிழமை முதல் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்களாம்.

“லேப்டாப் அவங்களே தருவாங்களா?” என்றார் மாமியார்.

“புதுசு தர்றாங்கம்மா.”

“நல்லது. அதை அண்ணி கண்ணுல காட்டாதே.”

முதலில் சிரித்தது அண்ணிதான்.